ஆய்வகத்தில் அளப்பது: பியூரெட் முதல் குளுக்கோமீட்டர் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ பிராக்டிகல் நெருங்கும்போது ஆரம்பிக்கும் இந்தக் கேள்விகள் கல்லூரி முதலாண்டு முடிந்தும் நிற்பதில்லை. ஆய்வகத்தில் மாணவர்கள் என்னிடம் கேட்டதையும், சொந்தக்காரர்கள் போனில் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும்.

பியூரெட்டில் கீழ் விளிம்பைப் படி என்கிறார்கள். பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் மேல் விளிம்பு என்கிறார்கள். ஏன்?

பியூரெட் என்பது அளவுக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு கரைசலோடு வினை முடிய இன்னொன்று எத்தனை மி.லி. ஆகிறது என்று அதிலிருந்து துளித்துளியாக விட்டு அளக்கிறோம், இதுதான் தரம்பார்த்தல். கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். நிறமில்லாத கரைசலில் அந்தக் குழிவின் அடி தெளிவாகத் தெரிவதால் அதைப் படிக்கிறோம். பெர்மாங்கனேட் கத்தரிப்பூ நிறத்தில் அடர்த்தியாக இருக்கும். குழிவின் அடி கண்ணுக்கே தெரியாது. அதனால் மேல் விளிம்பு. ஆரம்ப அளவுக்கும் இறுதி அளவுக்கும் ஒரே விளிம்பைப் பார்த்தால் போதும், கழிக்கும்போது வித்தியாசம் அடிபட்டுப் போகும். ஒன்றுக்கு மேலேயும் இன்னொன்றுக்குக் கீழேயும் பார்த்தால்தான் வம்பு.

இதைவிடப் பெரிய தப்பு வேறொன்று. பியூரெட்டை மேசை மேல் நிறுத்தினால் சைபர் கோடு பல பேருக்குத் தலைக்கு மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்து சைபரில் நிறுத்துவார்கள். கீழிருந்து பார்க்கும்போது கரைசல் கோட்டுக்குச் சற்று மேலே நின்றாலும் சரியாகக் கோட்டில் நிற்பது போலவே தெரியும். முடிவில் 20 மி.லி. பக்கம் வரும்போது மட்டம் கண்ணுக்கு நேராக இருக்கும், அதைச் சரியாகப் படிப்பார்கள். விளைவு, உண்மையில் இறங்கியதைவிடக் குறைவான அளவு ரெக்கார்டில் ஏறும். இடமாறு தோற்றப் பிழை என்று பாடத்தில் படித்தது இதுதான். சைபரில் நிறுத்தும்போது ஸ்டாண்டைத் தரையில் வையுங்கள், அல்லது ஸ்டூலில் ஏறுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் விளிம்பு இன்னும் தெளியும்.

அப்புறம், புனலை எடுத்துவிட்டீர்களா? அதில் ஒட்டியிருக்கும் சொட்டு நடுவில் விழுந்தால் 0.05 மி.லி. போச்சு.

பிப்பெட்டின் நுனியில் ஒரு சொட்டு நிற்கிறது. ஊதித் தள்ளலாமா?

கூடாது. பிப்பெட் என்பது குறிப்பிட்ட ஓர் அளவை உறிஞ்சி எடுத்து வெளியே விடும் குழாய். 20 மி.லி. பிப்பெட் என்றால் அது 20 மி.லி.யைத் தானாக வெளியே விடும் என்று பொருள். நுனியில் நிற்கும் அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்காமல்தான் கோடு போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு, சில வினாடி விட்டு, எடுத்துவிடுங்கள். ஊதித் தள்ள வேண்டிய பிப்பெட்டுகளும் உண்டு. அவற்றின் மேல் நுனிப் பக்கம் பட்டையாக ஒரு வளையம் இருக்கும்.

வாயால் உறிஞ்சலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. ரப்பர் பல்பு எதற்கு இருக்கிறது?

பியூரெட்டைக் கரைசலால் கழுவச் சொல்கிறார்கள், கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் கழுவச் சொல்கிறார்கள். இரண்டும் கண்ணாடிதானே?

எதற்குள் எதை அளக்கிறீர்கள் என்று பாருங்கள். பியூரெட்டுக்குள் தண்ணீர் மிச்சமிருந்தால் கரைசல் நீர்த்துவிடும். செறிவு மாறினால் கணக்கே மாறும். பிப்பெட்டுக்கும் அதே கதை. கூம்புக் குடுவைக்குள்ளோ ஏற்கெனவே அளந்த 20 மி.லி. போகிறது. அதில் எத்தனை மூலக்கூறு இருக்கிறதோ அதுதான் வினையில் ஈடுபடும். கூடத் தண்ணீர் இருந்தாலும் அந்த எண்ணிக்கை மாறாது. குடுவையைக் கரைசலால் கழுவினால்தான் கூடுதலாக ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும்.

ஆக்சாலிக் அமிலத்தை ஏன் சூடாக்க வேண்டும்? மோர் உப்புக்கு ஏன் சூடு வேண்டாம்?

பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் அறை வெப்பநிலையில் மிக மெதுவாக வினைபுரியும். அதனால் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குகிறோம். குடுவையின் கழுத்தைப் பிடிக்கச் சுடும், ஆனால் ஆவி பொங்காது, அந்தப் பதம். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதைய ஆரம்பிக்கும்.

சூடாக்கிய பிறகும் முதல் சில துளிகளின் நிறம் உடனே போகாது. மாணவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்: "சார், முதல் துளியிலேயே எண்ட் பாயிண்ட் வந்துவிட்டது!" வரவில்லை. குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருங்கள். வினை நடக்க நடக்க உருவாகும் மாங்கனீசு அயனியே அதற்கு வினையூக்கி. கொஞ்சம் சேர்ந்ததும், அடுத்த துளிகள் விழுந்த வேகத்தில் நிறமிழப்பதைப் பார்க்கலாம். கடைசியில் ஒரு துளி போட்டதும் வெளிறிய இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு நிலை. அடர் சிவப்பு வரும் வரை விட்டால் தாண்டிவிட்டீர்கள். வினை முடிந்ததை நிறத்தால் காட்டும் பொருள்தான் நிறங்காட்டி. பெர்மாங்கனேட்டே தனக்கு நிறங்காட்டி என்பதால் வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

மோர் உப்பில் (குடிக்கும் மோரல்ல, மோர் என்ற வேதியியலாளரின் பெயர்) இருப்பது ஃபெரஸ் இரும்பு. அது சாதாரண வெப்பத்திலேயே பெர்மாங்கனேட்டோடு சட்டென்று வினைபுரியும். சூடாக்கினால் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் நமக்கு முன்னால் கை வைத்துவிடும்.

நீர்த்த கந்தக அமிலம் தவிர வேறு அமிலம் ஏன் கூடாது என்பது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிக் குளோரின் ஆக்கிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. இரண்டிலும் கணக்கு தப்பும். குடுவையில் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம். மாங்கனீசு டைஆக்சைடு இறங்கிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

மூன்று அளவீடும் ஒன்றாக வர வேண்டுமாமே. எனக்கு 19.8, 20.1, 19.8 வந்தது. நடுவில் இருப்பதை 19.8 என்று மாற்றி எழுதலாமா?

எல்லோரும் செய்வது எனக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் எழுதி, பக்கத்து டேபிளைப் பார்த்து, பேனாவால் ஏற்றுவதை இருபது முறையாவது பார்த்திருக்கிறேன். மாற்றாதீர்கள். 20.1ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் "துளி வேகமாக விழுந்தது" என்றோ, காரணம் தெரியாவிட்டால் எதுவும் எழுதாமலோ விட்டுவிட்டு நான்காவது முறை செய்யுங்கள். ஒத்த அளவு கேட்பது உங்கள் கை நிலையாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். எண்ணை மாற்றிவிட்டால் எதைப் பார்ப்பது?

ஒரு கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் ரேலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு சுமார் 1.2505 கிராம். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் 1.2572 கிராம். அரை சதவீத வித்தியாசம்தான். வேறு யாராவது இருந்தால் சராசரி போட்டு முடித்திருப்பார்கள். அவர் திரும்பத் திரும்பச் செய்தார், வித்தியாசம் போகவில்லை. 1892ல் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: இப்படி வருகிறது, யாருக்காவது காரணம் தெரியுமா என்று. வில்லியம் ராம்சே கூடச் சேர்ந்தார். 1894ல் விடை கிடைத்தது. காற்றிலிருந்து எடுத்த "நைட்ரஜன்" சுத்த நைட்ரஜன் இல்லை. எதோடும் வினைபுரியாத, கனமான இன்னொரு வாயு அதில் கலந்திருந்தது. ஆர்கான். காற்றில் கிட்டத்தட்ட 1 சதவீதம் இருந்தும் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. 1904ல் ரேலேவுக்கு இயற்பியல் நோபல், ராம்சேவுக்கு வேதியியல் நோபல்.

உங்கள் 20.1ல் புது வாயு ஒன்றும் இருக்காது. புனல் சொட்டாகத்தான் இருக்கும். ஆனால் அது புனல் சொட்டு என்று கண்டுபிடிக்கவும் 20.1 நோட்டில் இருக்க வேண்டும்.

துல்லியம், நுட்பம் இரண்டும் ஒன்றுதானே? தேர்வுக்காகப் பிரித்துப் படிக்கிறோம், புரியவில்லை.

வீட்டில் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார்கள் இல்லையா? அது நாள் தவறாமல் அதே ஐந்து நிமிடம் தப்பாகக் காட்டும். நுட்பம் இருக்கிறது, துல்லியத்தன்மை இல்லை. தப்பு எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அது பாட்டுக்கு ஏமாற்றிக்கொண்டிருக்கும்.

நான் இளங்கலை படித்தபோது ஒரு நாள் வகுப்பு முழுக்க 19.0 வந்தது. முப்பது பேருக்கும் அச்சடித்தாற்போல. வர வேண்டியது 20.0. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாக எங்களுக்குத் திட்டு விழுந்தது. கடைசியில் பார்த்தால், திட்டக் கரைசலை (செறிவு சரியாகத் தெரிந்த கரைசலை) எஸ்எம்எஃப் குடுவையில், அதாவது கழுத்தில் துல்லியமாக ஒரே கோடு போட்ட அளவுக் குடுவையில் கரைக்காமல், பீக்கரில் போட்டிருந்த கோட்டை நம்பி ஒரு லிட்டராக்கியிருந்தார்கள். பீக்கர் கோடு குத்துமதிப்பு. 5 சதவீதம் முன்பின் இருப்பது சர்வ சாதாரணம். முப்பது பேரின் கையும் சரியாக இருந்தது, ஆரம்பமே தப்பு. எத்தனை முறை திரும்பச் செய்தாலும் இந்த வகைத் தப்பு வெளியே வராது.

கால்குலேட்டர் 0.0987654 என்று காட்டுகிறது. எல்லா இலக்கத்தையும் எழுதட்டுமா?

0.0988 போதும். பியூரெட்டின் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.1 மி.லி.; 20.2 என்று மூன்று இலக்கம் அளந்துவிட்டு விடையில் ஆறு இலக்கம் எழுதினால், அளக்காததை அளந்ததாகச் சொல்கிறீர்கள்.

மின் தராசில் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம்மூர் ஆய்வகங்களில் பத்தில் எட்டு முறை விடை அதுதான். நான்கு தசம இலக்கத் தராசு 0.1 மில்லிகிராமைக் காட்டும். விசிறிக் காற்று அதற்குப் புயல். கண்ணாடிக் கதவுகளை மூடினீர்களா, மேசை ஆடுகிறதா, குமிழி நடுவில் நிற்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

எண் நிற்காமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் அது வேறு நோய். ஏறிக்கொண்டே போனால் பொருள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. மெல்ல ஏறுவது, சூடான குரூசிபிளை (பொருளைச் சுடும் சின்னக் கிண்ணத்தை) ஆற விடாமல் வைத்தாலும் நடக்கும். சூட்டில் மேலே எழும் காற்று தட்டைத் தூக்குவதால் முதலில் எடை குறைவாகக் காட்டி, ஆற ஆற ஏறும். உலர்த்திக்குள் வைத்து நன்றாக ஆறிய பிறகே எடை போடுங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடைச் சரியாக 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டராகக் கரைத்தேன். அதன் செறிவு 0.1 நார்மல்தானே?

இல்லை. டப்பாவைத் திறந்த நொடியிலிருந்து அது ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் போட்ட 4 கிராமில் எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு என்று தராசுக்குத் தெரியாது. தோராயமாகக் கரைத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசலோடு தரம்பார்த்து உண்மையான செறிவைக் கண்டுபிடியுங்கள். ஆக்சாலிக் அமிலப் படிகம் எடை போடத் தோதானது: 250 மி.லி. 0.1 நார்மலுக்கு 1.575 கிராம். பெர்மாங்கனேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடு கட்சிதான். எடையை நம்பி அதன் செறிவைச் சொல்ல முடியாது.

வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டரில்) பிஹெச் மீட்டரை வைத்தால் 5.8 காட்டுகிறது. 7 அல்லவா வர வேண்டும்?

மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. திறந்து வைத்த வடிநீர் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசாக அமிலமாகிவிடும், 5.6 பக்கம் வரை இறங்கும். அதோடு, சுத்தத் தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் மின்முனை தடுமாறும், எண் நிலைக்காது. மீட்டரைச் சோதிக்க வடிநீரை எடுக்காதீர்கள், பிஹெச் எளிதில் மாறாத தாங்கல் கரைசலை எடுங்கள். முதலில் 7, அப்புறம் நீங்கள் அளக்கப்போவது அமிலமென்றால் 4, காரமென்றால் 9.2 அல்லது 10.

பிஹெச் என்ற அளவுகோலையே 1909ல் உருவாக்கியது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சென். என்சைம்கள் அமிலத்தன்மைக்கு எவ்வளவு கூச்சப்படும் என்று அளக்க அவருக்கு ஒரு எளிய எண் தேவைப்பட்டது. இன்று மீட்டர் அளப்பது மில்லிவோல்ட்டை. 25 டிகிரியில் ஒரு பிஹெச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். வெப்பம் மாறினால் அதுவும் மாறும். அதனால்தான் பெட்டியில் வெப்பநிலைக்கு ஒரு குமிழோ கம்பியோ இருக்கிறது.

மின்முனையை வடிநீரில் ஊற வைத்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அடர் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். நுனிக் குமிழைத் துணியால் தேய்க்காமல், தாளால் ஒற்றி எடுங்கள்.

வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 700 காட்டுகிறது. கடினத்தன்மையும் 700தானா?

இல்லை. பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை மட்டும். அதை 0.5லிருந்து 0.7க்குள் ஓர் எண்ணால் பெருக்கி "கரைந்த திடப்பொருள் இவ்வளவு" என்று காட்டுகிறது. கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. இரண்டு கிணற்றில் ஒரே 700 வரலாம். ஒன்றில் சோப்பு நுரைக்கும், வாய்க்குக் கரிக்கும். இன்னொன்றில் சோப்பு திரிந்து போகும், பருப்பு வேகாது, வாளியில் வெள்ளைப் படலம் கட்டும். கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியத்தின் அளவு. அதற்குத் தரம்பார்க்க வேண்டும்.

செய்முறை சுலபம். 50 மி.லி. தண்ணீர். பிஹெச் 10க்கு அம்மோனியா தாங்கல் கரைசல் கொஞ்சம். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை. கரைசல் திராட்சை ரசம் போலச் சிவக்கும். பியூரெட்டில், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ, 0.01 மோலார் செறிவில். துளித்துளியாக விட, முடிவு நெருங்கும்போது சிவப்பில் ஊதா கலக்கும். கொஞ்சம் பொறுமையாக இருங்கள், இங்கே வினை மெதுவாக நடக்கும். சிவப்பு துளியும் இல்லாத சுத்த நீலம் வந்ததும் நிறுத்துங்கள். இந்தச் செறிவில் 1 மி.லி. இடிடிஏ என்பது 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 18.0 மி.லி. ஆனால், 50 மி.லி.யில் 18 மில்லிகிராம், லிட்டருக்கு 360.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. டிடிஎஸ்ஸுக்கு இதே வரிசையில் 500, 2000. தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வருகிறவர் மீட்டரை முக்கிப் பயமுறுத்தினால் இதை நினைவில் வையுங்கள். அந்த மீட்டர் கிருமியையும் காட்டாது.

கலரிமீட்டரில் அப்சார்பன்ஸ் 2.4 வந்தது. அப்படியே கணக்கில் போடலாமா?

வேண்டாம். கலரிமீட்டர் கரைசல் வழியே ஒளியை விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை அப்சார்பன்ஸ் என்ற எண்ணாகக் காட்டுகிறது. அப்சார்பன்ஸ் 1 என்றால் விட்ட ஒளியில் 10 சதவீதம்தான் மறுபக்கம் வருகிறது. 2 என்றால் 1 சதவீதம். 2.4க்கு அரை சதவீதம்கூட இல்லை. அவ்வளவு மங்கலான ஒளியில் கருவிக்குள் வழிதவறி வரும் வெளிச்சமே பாதியைக் கெடுக்கும். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி படித்து, விடையைப் பத்தால் பெருக்குங்கள். 0.1லிருந்து 1க்குள் வரும்படி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இன்னொன்று: திட்டக் கரைசல்களை வைத்து வரைந்த நேர்கோட்டை ஸ்கேல் வைத்து மேலே நீட்டாதீர்கள். கடைசிப் புள்ளிக்கு அப்பால் அது வளைந்து போயிருக்கலாம்.

டிஎன்ஏவை 260 நானோமீட்டரில் படித்தால் எதுவுமே சரியாக வரவில்லை என்று முதுகலை மாணவர் ஒருவர் வந்தார். கரைசலை ஊற்றி வைக்கும் சின்னப் பெட்டியான குவெட் கண்ணாடி. கண்ணாடியே புற ஊதாவை விழுங்கும், குவார்ட்ஸ் வேண்டும். அவர் இரண்டு நாளாகக் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைக்ரோபிப்பெட்டில் இரண்டு நிறுத்தம் எதற்கு?

மைக்ரோலிட்டர் அளவுகளை எடுக்கும் இந்தக் கருவியின் மேல் பொத்தானை முதல் நிறுத்தம் வரை அழுத்தி, நுனியைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் வைத்து, மெதுவாக விடுங்கள். வெளியே தள்ளும்போது முதல் நிறுத்தம், அப்புறம் இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தினால் மிச்சமும் போய்விடும். இழுக்கும்போதே இரண்டாவது வரை அழுத்தினால் அளவுக்கு மேல் ஏறும். புதிதாக வருகிற எல்லோரும் ஒரு வாரம் இதைச் செய்வார்கள். கட்டைவிரலைப் பட்டென்று எடுத்தால் திரவம் உள்ளே தெறிக்கும், காற்றும் ஏறும்.

உங்கள் பிப்பெட் சரியா என்று அறிய, 1000 மைக்ரோலிட்டர் வடிநீரைத் தராசில் பத்து முறை விட்டுப் பாருங்கள். நம்மூர் வெப்பத்தில் ஒவ்வொரு முறையும் 0.996 கிராம் பக்கம் வர வேண்டும். இந்தக் கருவி ஜெர்மனியில் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர் 1957ல் செய்தது. அதற்கு முன் சின்னஞ்சிறு அளவுகளையும் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினார்கள்.

மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோல் செல்லின் நீளத்தை எப்படி அளப்பது? 400 மடங்கு என்பதால் 400ஆல் வகுத்தால் போதுமா?

எதை வகுப்பீர்கள்? கண்ணுக்குத் தெரியும் பிம்பத்தின் மேல் ஸ்கேல் வைக்க முடியாதே. சரியான வழி, கண்ணருகு லென்ஸுக்குள் கோடு போட்ட ஒரு சில்லு, மேடையில் 1 மி.மீ.யை நூறாகப் பிரித்த ஒரு சிலைடு. மேடைச் சிலைடில் ஒரு பிரிவு 10 மைக்ரான். இரண்டு கோடுகளும் பொருந்தும் இடத்தைப் பார்த்து, கண்ணருகு பிரிவு ஒன்றுக்கு எத்தனை மைக்ரான் என்று கணக்கிடுங்கள். பொருளருகு லென்ஸை மாற்றினால் இந்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். மறந்தால் விடை நான்கு மடங்கு தப்பும்.

பள்ளியில் இந்தச் சிலைடு இருக்காது. அப்போது ஒரு தந்திரம். கண்ணருகு லென்ஸில் 10 மடங்கு என்பதற்குப் பக்கத்தில் 18 என்று எண் இருந்தால், அதைப் பொருளருகு லென்ஸின் உருப்பெருக்கத்தால் வகுங்கள். 10 மடங்கு லென்ஸில் தெரியும் வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ. அந்த வட்டத்தின் குறுக்கே செல்கள் நீளவாக்கில் ஏழு அடங்கினால், ஒன்று கால் மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. வெங்காயத்துக்கு இது நியாயமான விடை.

ரத்தச் சிவப்பணு எண்ணிக்கையை எனக்கு 48 லட்சம், தோழிக்கு 46 லட்சம் என்று எண்ணினோம். ஒரே ரத்தம். யார் சரி?

இருவரும். நியூபாயர் அறையில் (அணுக்களை எண்ணச் சதுரக் கோடு போட்ட தடித்த சிலைடில்) 200 மடங்கு நீர்த்த ரத்தத்தை விட்டு, 80 சின்னச் சதுரங்களில் எண்ணி, 10,000ஆல் பெருக்குகிறோம். நீங்கள் எண்ணியது 480 அணு, அவர் எண்ணியது 460. அணுக்கள் எந்தச் சதுரத்தில் போய் விழும் என்பது தற்செயல். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு முன்பின் ஆகும். 480க்கு அது சுமார் 22. அதாவது எண்ணுவதில் ஒரு தப்பும் செய்யாமலே 2 லட்சம் ஆடும். குறைக்க வேண்டுமா? இன்னும் நிறைய எண்ணுங்கள்.

கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுவை என்ன செய்வது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மேலும் இடதும் சேர்த்தி, கீழும் வலதும் இல்லை. இல்லாவிட்டால் ஒரே அணுவை இரண்டு சதுரத்தில் எண்ணுவீர்கள்.

தயிரில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று எண்ண முடியுமா?

முடியும், ஆனால் நேரடியாக அல்ல. 1 மி.லி. தயிரை 9 மி.லி. கிருமி நீக்கிய உப்பு நீரில் கலக்கி, அதிலிருந்து 1 மி.லி.யை அடுத்த 9 மி.லி.யில் என்று ஆறு படி இறங்குங்கள். பத்து லட்சம் மடங்கு நீர்த்தாயிற்று. அதில் 0.1 மி.லி.யை அகார் தட்டில் பரப்பி வளர்த்தால், மறுநாளோ அதற்கு மறுநாளோ 85 புள்ளிகள் தெரிகின்றன என்று வையுங்கள். மி.லி.க்கு 85 கோடி. 30க்குக் குறைந்தால் தற்செயல் அதிகம், 300க்கு மேல் போனால் புள்ளிகள் ஒன்றையொன்று நெருக்கும். அதனால் இடைப்பட்ட தட்டையே எண்ணுவது வழக்கம். சங்கிலியாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒரே புள்ளியாக வளரும் என்பதால் உண்மை எண்ணிக்கை இன்னும் அதிகமே.

அகார் நமக்குப் புதிதில்லை. ரமலான் நோன்பு திறக்கும்போது வில்லை வில்லையாக வைக்கும் கடல்பாசி அதேதான். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது வருகிறது. பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் தட்டுகள் வெயில் காலத்தில் உருகித் தொல்லை கொடுத்தபோது, அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881ல் சமையலறையிலிருந்து சொன்ன யோசனை இது.

எச்சில் அமைலேஸ் சோதனையில் அயோடின் போட்டால் எனக்கு முதல் நிமிடத்திலேயே நீலம் வரவில்லை.

மாவுச்சத்து இருந்தால்தான் அயோடின் நீலமாகும்; எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற என்சைம் அதை உடைத்துவிடும். எச்சிலை நீர்க்காமல் போட்டிருப்பீர்கள். மாவுச்சத்து அதற்குள் தீர்ந்துவிட்டது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், கரைசல் கொதிக்கக் கொதிக்க இருந்ததா? சூட்டில் மாவுச்சத்தின் நீலம் மறைந்து, ஆறினால் திரும்ப வரும். என்சைம் வேலை செய்ததாக நினைத்து ஏமாறுவோம். எச்சில் சேர்க்காத ஒரு குழாயையும் பக்கத்தில் வைத்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கு லேபில் சர்க்கரை 160, அரை மணி நேரம் கழித்து வீட்டு குளுக்கோமீட்டரில் 180. எதை நம்புவது?

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலை, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்பின் இருக்க இடம் தருகிறது. லேபில் 160 என்றால் மீட்டர் 136லிருந்து 184 வரை எதைக் காட்டினாலும் அது பாஸ். அதற்குள் அரை மணி நேரமும் போயிருக்கிறது.

லேப் அளவும் வானத்திலிருந்து வருவதில்லை. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதற்காகத்தான் சர்க்கரைக்கு மட்டும் சாம்பல் மூடி போட்ட, ஃபுளோரைடு உள்ள குழாயில் எடுக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை கையின் சிரையில் (ரத்தக் குழாயில்) எடுத்ததைவிடக் கூடுதலாக இருப்பதும் இயல்பு. ஒரே மீட்டர், ஒரே நேரம், தினமும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு வீட்டு மீட்டர் நல்லது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை.

திடீரென்று 320 காட்டி வீடே கலங்கினால், முதலில் ஒன்று கேளுங்கள்: கொஞ்ச நேரத்துக்கு முன் மாம்பழம் நறுக்கினாரா? விரலில் ஒட்டிய பழச்சாறும் அந்தப் பட்டைக்குச் சர்க்கரைதான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, வேறு விரலில் குத்திப் பாருங்கள். மறுபடியும் அதே அளவு வந்தால் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.